கேரளப் பதிவெண் வேகக் காரைக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

அபார்த் புன்ட்டோ என்று சொன்னால் எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் "அது எந்த நாட்டுக் கார்?" என்று கேட்பார்கள். பத்தாவது ஆள் என் மெக்கானிக். பார்வைக்கு ஃபியட் புன்ட்டோதான். மூக்கில் தேள் சின்னம், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, அவ்வளவே வித்தியாசம். ஆனால் உள்ளே காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ பொருத்திய 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன். 2015 அக்டோபரில் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த ஷோரூம் விலையில் வந்தது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 8.8 நொடியில் எட்டும் என்று நிறுவனம் சொன்னது. வாங்கியவர்கள் குறைவு, ஃபியட்டும் பிறகு இங்கே கடையைக் கட்டிவிட்டது. அதனால்தான் இன்று என்னைப் போன்றவனின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

நான் வாங்கியது கேரளத்தில், ஆற்றிங்கல் பக்கத்தில். பணம் கொடுத்து மூன்று மணி நேரத்தில் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி கார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதன் காகிதம் என் பெயரில் வந்து சேர 83 நாள் ஆனது. அந்த 83 நாளில் பாதிக்கு மேல் என் அவசரத்தாலும் அறியாமையாலும் போனது. நீங்கள் வாங்கப்போவது போலோ ஜி.டி.யாக இருக்கலாம், ஆக்டேவியா வி.ஆர்.எஸ். ஆக இருக்கலாம், லினியா டி-ஜெட் ஆக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

1. முதலில் உங்கள் தெருவை அளந்து பாருங்கள்

கனவுக் காரின் படத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலிருந்து பிரதான சாலை வரை நடந்து பாருங்கள். அபார்த்தின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 155 மில்லிமீட்டர்தான். எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் கால்வாய்ப் பாலம் ஒன்று கழுதை முதுகாக நிற்கிறது. நான்கு பேர் ஏறினால் அதைக் குறுக்குவாட்டில்தான் கடக்க வேண்டும். நேராகப் போனால் அடியில் "கிர்ர்" என்று ஒரு சத்தம் வரும், அது நேராக நெஞ்சில் கேட்கும். வேகத்தடைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு வடிவம்.

அடுத்து வரி. தமிழ்நாட்டில் புதிய காருக்கு ஆயுள் வரி 2023 நவம்பர் முதல் நான்கு அடுக்காக இருக்கிறது: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும். ஆனால் கணக்குப் போடுவது கார் புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதை வைத்து. நீங்கள் கொடுத்த விலையை வைத்து அல்ல. இங்கேதான் பலர் விழுகிறார்கள். 20 லட்சத்துக்கு மேல் விற்ற ஆக்டேவியா வி.ஆர்.எஸ். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர், வரி மேல் அடுக்கில் வரும் என்பதை மறந்துவிடுகிறார். பேரம் பேசுவதற்கு முன்பே அசல் விலைப் பட்டியலின் நகலை வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தொகையைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கார் விலையோடு அதையும் கூட்டினால் வருவதுதான் உண்மை விலை.

உதிரிபாகம் பற்றி ஒரு வார்த்தை. ஃபியட் போய்விட்டாலும் பராமரிப்பு ஜீப் விற்பனை நிலையங்கள் வழியே நடந்துகொண்டிருக்கிறது. பிரேக் பட்டை, எண்ணெய் வடிகட்டி எல்லாம் கிடைத்துவிடும். தேள் வடிவச் சக்கரம் உடைந்தால் கதை வேறு. அருகில் உள்ள நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, நீங்கள் வாங்க நினைக்கும் மாதிரியைத் தொடுவார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

2. எல்லையைத் தாண்டும் முன் பதிவெண்ணைத் துருவுங்கள்

பதிவெண் கிடைத்த உடனே வீட்டில் உட்கார்ந்தே நான்கு விஷயங்களைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் வாகனத் தளமான பரிவாகனில் உரிமையாளர் எத்தனையாவது கை, காப்பீடு உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும்.

அடுத்து அபராதம். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலையோரச் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் சீட்பெல்ட், தலைக்கவசம், செல்பேசி என்று பார்த்துப் பார்த்து அபராதம் எழுதுகின்றன. எழுதியது விற்பவருக்கே தெரியாமல் இருக்கும். என் காருக்கு இரண்டு சீட்பெல்ட் அபராதங்கள் இருந்தன. பணம் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவற்றைக் கட்டாமல், காரை வேறு மாநிலத்துக்கு மாற்றக் கேரள அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று நகரவே இல்லை. தொகை சிறியது, போன நாட்கள் 9.

வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் அடைத்ததற்கான வங்கிக் கடிதமும் கடன் பதிவை நீக்கக் கோரும் படிவம் 35-ம் கையில் வரும் வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். "அடைத்துவிட்டேன், கடிதம் அடுத்த வாரம் வரும்" என்பவரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

புதுச்சேரிப் பதிவெண் கொண்ட சொகுசுக் கார் கேரளத்தில் மலிவாகக் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. வரியைக் குறைக்கப் போலி முகவரியில் புதுச்சேரியில் பதிவு செய்யப்பட்ட கார்கள் பற்றிய விவகாரம் 2017-ல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது. அப்படிப்பட்ட காரின் முதல் உரிமையாளரைத் தேடிக் கையெழுத்து வாங்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3. காரைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் பேச்சைத் தொடங்கும் முன் எஞ்சின் மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் தேநீர் கேளுங்கள், குடும்பக் கதை கேளுங்கள், ஒரு மணி நேரம் கடத்துங்கள். குளிர்ந்த எஞ்சின் எழும்பும் முதல் அரை நிமிடத்தில்தான் டர்போ காரின் வண்டவாளம் தெரியும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சைரன் போல மெல்லிய ஊளை வேகத்தோடு ஏறி இறங்கினால் டர்போவின் தாங்கிகள் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

என் கூட வந்த தக்கலை மெக்கானிக் காரைப் பார்க்கவே இல்லை. நேராகக் கார் நிற்கும் கொட்டகைத் தரையைப் பார்த்தார். "மக்களே, வண்டி பொய் சொல்லும், தரை சொல்லாது" என்றார். தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. பழையதா புதியதா என்று விரலால் தொட்டு, மோந்து பார்த்து, "இது கியர் பெட்டி எண்ணெய் இல்லை, பரவாயில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். இப்படி ஓர் அண்ணனை அழைத்துப் போவதற்கு ஆகும் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் உண்டு, எஞ்சினின் உள்பாகங்களை ஒத்திசைவாக ஓடவைக்கும் ரப்பர் பட்டை. அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஓட்டம் குறைவு என்பது சாக்கு ஆகாது, ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு. ரப்பர் மரம் வளர்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பூவேலை ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வீட்டில் நின்றே வயதான டயர் ஈரச் சாலையில் சோப்புக் கட்டி போல வழுக்கும்.

இனி, கேரளக் காருக்கே உரிய சோதனை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் கழுவி, துடைத்து, நறுமணம் அடித்து மீண்டும் சந்தைக்கு வந்தன. இருக்கை உறையை மாற்றலாம், கம்பளத்தை மாற்றலாம். சீட்பெல்ட்டை முழுநீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது விற்பவருக்குத் தோன்றாது. கடைசி முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு, மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் வண்டல், விளக்குக்குள் மங்கிய நீர்க்கறை, இவையும் அதே கதையைச் சொல்லும். கடலோரத்தில் கிடந்த கார் என்றால் கதவின் கீழ் விளிம்பையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். குளச்சல்காரர்களுக்கு உப்புக் காற்றின் கைவரிசை தெரியும்.

மழை நாளில் பார்க்கப் போவது சிறந்தது. ஒழுகுகிற கார் அன்றைக்கு மறைத்துக்கொள்ள முடியாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் நாள் கிடைக்காமல் போகாது.

4. பணம் கைமாறும் நாள்

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள். அதில் தேதி மட்டும் போதாது. காரை ஒப்படைத்த மணியும் நிமிடமும் இருக்க வேண்டும். காலை பதினொன்றுக்கு அவர் கேமராவில் மாட்டி, பன்னிரண்டுக்கு நீங்கள் வாங்கியிருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதைக் காகிதம்தான் சொல்லும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அன்றே கையெழுத்தாக வேண்டியவை: படிவம் 28 (தடையில்லாச் சான்றுக்கு) மூன்று பிரதிகள், படிவம் 29 (விற்றதைத் தெரிவிக்க) இரண்டு பிரதிகள், படிவம் 30 (பெயர் மாற்றத்துக்கு). விற்பவரின் கையெழுத்து அவரது அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். கூடவே அவரது ஆதார், பான் நகல்கள், அசல் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, இரண்டு சாவிகள். இரண்டாவது சாவி இல்லை என்றால் விலையில் குறையுங்கள். இறக்குமதி வாசம் அடிக்கும் கார்களின் சாவி விலை மயக்கம் வரவைக்கும்.

இப்போது என்னைப் பிடித்த பொறி. காரின் உரிமையாளர் ஷார்ஜாவில் இருந்தார். ஊரில் இருந்த தம்பிதான் எல்லாம் பேசினார், நல்ல மனிதர். கையெழுத்திட்ட படிவங்கள் கூரியரில் வந்திருந்தன. ஆனால் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஒருமுறைக் கடவுச்சொல் பதிவுச் சான்றில் உள்ள செல்பேசி எண்ணுக்குத்தான் போகிறது. அந்த எண்ணை அவர் கைவிட்டு மூன்று வருடமாகிறது. புது எண்ணைப் பதிய ஒரு வாரம். பிறகும் நான் காலை பத்து மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் அவருக்கு எட்டரை. வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருப்பார். கடவுச்சொல் வந்து, அவர் அதைப் பார்த்து எனக்கு அனுப்புவதற்குள் நேரம் கடந்து காலாவதியாகிவிடும். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை காலை அவரது தூக்கத்தைக் கெடுத்துத்தான் காரியம் முடிந்தது.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே, விற்பவரின் பதிவான எண்ணுக்கு உங்கள் கண் முன்னால் ஒரு கடவுச்சொல் வரவழைத்துப் பாருங்கள். வளைகுடாவில் இருப்பவர் என்றால் இது கட்டாயம்.

ஃபாஸ்டேக் ஒட்டுவில்லை அவர் பெயரில் இருக்கும். அதை அவர் முடக்க வேண்டும், நீங்கள் புதிதாக வாங்க வேண்டும்.

5. தடையில்லாச் சான்று

கேரளத்தில் காரைப் பதிந்த அலுவலகம், இந்தக் கார் தமிழ்நாட்டுக்குப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கொடுக்கும் காகிதம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-வது பிரிவு. வரி பாக்கி இல்லை, அபராதம் இல்லை, திருட்டு வழக்கு இல்லை என்று காவல்துறைச் சான்று இருக்கிறது, இவ்வளவும் சரியாக இருந்தால்தான் வரும்.

இதில் நவீன காலம் தொடாத ஒரு சடங்கு இருக்கிறது: சேஸிஸ் எண்ணை, அதாவது காரின் உடலில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை, பென்சிலால் தேய்த்து எடுப்பது. என் காரில் இருக்கையைப் பின்னால் தள்ளி, கம்பளத்தில் வெட்டியிருக்கும் சிறிய மடலைத் தூக்கினால் எண் தெரிகிறது. 17 எழுத்தும் இலக்கமும். முதலில் பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்து இரு முனையும் நகராமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டு, மென்மையான 4பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். எண் கறுப்புக்குள் வெள்ளையாக எழும்பி வரும். வந்த உடனே அதன் மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்வைக் கை பட்டே 8-ம் 3-ம் ஒன்றாகிவிடும். ஒரே மூச்சில் எட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று எடுத்தேன், மூன்று முறை காருக்குள் தவழ்ந்தேன்.

அடுத்து, என் 83 நாளில் 19 நாளைத் தின்ற பிழை. படிவம் 28-ல் எந்த அலுவலகத்துக்குப் போகப்போகிறது என்று குறிப்பிட வேண்டும். மாவட்டத் தலைநகர் நாகர்கோவில்தானே என்று நான் நாகர்கோவில் என்று எழுதிக் கொடுத்தேன். நம் மாவட்டத்தில் இரண்டு அலுவலகங்கள்: நாகர்கோவில், டி.என். 74, மார்த்தாண்டம், டி.என். 75. எங்கள் முகவரி மார்த்தாண்டத்துக்கு உட்பட்டது. சான்று கையில் வந்த பிறகுதான் இது தெரிந்தது. திருத்தி வாங்க மறுபடி ஆற்றிங்கல் பக்கம், மறுபடி ஷார்ஜா, மறுபடி கடவுச்சொல். நீங்கள் விளவங்கோடு பக்கமா, அகஸ்தீஸ்வரம் பக்கமா, இரண்டுக்கும் நடுவிலா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். தெருவில் யாராவது அண்மையில் பதிந்த வண்டியின் எண்ணைப் பாருங்கள், பிறகு அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள்.

விண்ணப்பித்து 30 நாளுக்குள் சான்று தரவோ மறுக்கவோ வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாள் எல்லாம் ஒழுங்காக இருக்கும் விண்ணப்பத்துக்கு.

6. காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

கார் கைமாறி 14 நாளுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு காரோடு தானாக வந்துவிடும். உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. பெயர் மாறாத காப்பீட்டோடு தோவாளையில் ஒரு லாரியின் பின்னால் மோதினால், லாரிக்காரருக்குப் பணம் கிடைக்கும், உங்களுக்கு அனுதாபம் கிடைக்கும்.

"50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது" என்று விற்பவர் அதை விலையில் ஏற்றிச் சொல்வார். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுத் தொகையில் கிடைக்கும் அந்தச் சலுகை ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. அவர் அதைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோவார். நீங்கள் வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும்.

7. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ மறுபதிவு

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "வெளி மாநில வண்டியை 12 மாதம் வரை ஓட்டலாமே" என்று எல்லைப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். 47-வது பிரிவில் அந்த 12 மாதம் இருக்கிறது. அது புதிய பதிவெண் வாங்குவதற்கான கெடு. காரை விலைக்கு வாங்கிய உங்களுக்கு 50-வது பிரிவு வேறு கெடு வைத்திருக்கிறது: 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். என்னைப் போலத் திருத்தங்களில் சிக்கினால், விண்ணப்பித்த ரசீதுகளின் நகலைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லையருகே படந்தாலுமூட்டில் நிறுத்திக் கேட்டபோது எனக்கு உதவியது அதுதான். கே.எல். எண், உள்ளே தமிழ் பேசும் ஆள், தேள் சின்னம். நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

கொண்டுபோக வேண்டியவை: தடையில்லாச் சான்று, அசல் பதிவுச் சான்று, படிவம் 27 (புதிய பதிவெண்ணுக்கு), 29, 30, சேஸிஸ் தேய்ப்பு, உங்கள் பெயரிலான காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று, பான், புகைப்படங்கள், ஒப்பந்தம், முதல் விலைப் பட்டியலின் நகல். கடைசியாகச் சொன்னதுதான் வரி கணக்கிட உதவுவது. மூன்று கை மாறிய காரில் அது தொலைந்திருக்கும். விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

படிவங்களுக்கும் பதிவுக்கும் ஆகும் அரசுக் கட்டணம் பெரிதல்ல. அதோடு கூரியர், முத்திரைத்தாள், மூன்று முறை ஆற்றிங்கல் போய்வந்த பெட்ரோல் எல்லாம் சேர்ந்து எனக்கு ஆறாயிரம் ரூபாய்க்குள். சாலை வரி அதைப் போலப் பல மடங்கு. தரகர் ஒருவர் வரி நீங்கலாகப் பதினெட்டாயிரம் கேட்டார். எல்லாம் ஒழுங்காக இருக்கும் காருக்குத் தரகர் தேவையில்லை. ஒழுங்கில்லாத காருக்குத் தரகராலும் பயனில்லை.

காரை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அன்றைக்குக் காரில் நிறுவனம் கொடுத்ததைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடித் தாள், கூடுதல் விளக்கு, சத்தம் போடும் புகைக்குழாய் எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். காலையிலேயே போங்கள்; மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பத்து மணிக்கு மேல் 145 குதிரைகளும் ஆட்டோவுக்குப் பின்னால்தான் நடக்கும்.

8. கேரளத்தில் கட்டிய வரி

அங்கே 15 ஆண்டுக்கான வரியை ஒரே தடவையில் கட்டியிருப்பார்கள். மாநிலம் விட்டுப் போன காருக்கு மீதிக் காலத்தின் தொகையைத் திரும்பக் கேட்கலாம். பழைய அலுவலகத்துக்குப் புதிய பதிவுச் சான்றின் நகலோடு விண்ணப்பம் போக வேண்டும். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. ஷார்ஜாக்காரர் நான் கெடுத்த தூக்கத்தின் கடனை அதில் கழித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

9. மாற்றம் செய்யும் ஆசை

எண் பலகை மாட்டிய வாரத்திலேயே யாராவது வந்து சொல்வார்கள்: மடிக்கணினியைச் செருகி எஞ்சின் மென்பொருளை மாற்றினால் இன்னும் முப்பது குதிரை கிடைக்கும் என்று. கிடைக்கும்தான். சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டுவார்கள். கிளட்ச் சீக்கிரம் தேயும் என்பது இலவச இணைப்பு.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் நல்ல டயர், நல்ல பிரேக் பட்டை, புதிய பிரேக் திரவம். காரின் குணம் மாறும், பதிவுச் சான்று மாறாது.

10. ஓட்டுவதற்கு ஓர் இடம்

முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே சாலை நேராக விரிந்து கிடக்கும்போது வலதுகால் அரிக்கும். பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் 189-வது பிரிவு: முதல் முறை 5000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சாலையில் பக்கக் காற்று காரையே தள்ளும் என்பது தனி. கோழிப் பண்ணை வேன், ஆடு, திடீரென்று திரும்பும் டிராக்டர் எல்லாம் அங்கே உண்டு.

நமக்கு அருகில் உள்ள பந்தயத் தடம் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் 2.1 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், ஆனால் அது 700 கிலோமீட்டர் பயணம். பொதுமக்கள் தங்கள் காரையே ஓட்டிப் பார்க்கும் தட நாட்களுக்கு ஏற்பாட்டாளர்கள் முன்பதிவு வாங்குவார்கள். போட்டியில் கலந்துகொள்ள இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும், தட நாளுக்கு ஓட்டுநர் உரிமமும் பொறுப்பேற்புப் பத்திரமும் தலைக்கவசமும் கேட்பார்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி போட்டுப் போங்கள். உங்கள் சாதாரணக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. அங்கே சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது.

முந்தின நாள் மதுரை தாண்டி எங்காவது தங்கிவிடுங்கள். இரவெல்லாம் ஓட்டிக் காலையில் தடத்தில் இறங்கிய நண்பர் இரண்டாவது சுற்றிலேயே மண்ணுக்குள் போனார். காரிலிருந்து குடை, தண்ணீர்ப் பாட்டில், தரைவிரிப்பு, குழந்தையின் பொம்மை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிரேக் மிதிக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இழுவைக் கொக்கியை மாட்டிவைத்துவிடுங்கள்.

முதல் மூன்று சுற்று மெதுவாக. நான்காவதில் தடத்தின் நேர்ப்பகுதிக்கு வரும்போது இரண்டாவது கியரில் மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சியை எட்டும் வரை ஒன்றுமே நடக்கவில்லை, சாதாரணப் புன்ட்டோதான். அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து காரை உள்ளங்கையால் தள்ளியதுபோல முதுகு இருக்கையில் ஒட்டியது. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மூன்றாவது கியர் போடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. 83 நாள் அலைந்ததற்கு அந்த மூன்று நொடி.

ஐந்தாறு சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சாலைக் காரின் பிரேக் திரவம் கொதிக்கத் தொடங்கினால் மிதி பஞ்சு போல உள்ளே போகும். அந்தக் கணமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கடைசிச் சுற்றை எப்போதும் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் இழுக்காதீர்கள், சூட்டில் பட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள், எஞ்சினை அணைத்த பிறகு கியரில் விடுங்கள். எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டால் டர்போ பிழைக்கும். சக்கரம் ஆறிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். திரும்பி ஓட்ட இன்னும் 450 கிலோமீட்டர் இருக்கிறது.